என் கைக்கு லீவு

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது எட்டுப் பேரை. ஆறு நான் பெற்றது. இரண்டு, மகள் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போன பேத்திமார். ஒரே ஒரு நாளைத் தவிர, எட்டில் ஒன்றும் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு எங்கள் வேலிப் படலையைத் தாண்டியதில்லை.

சின்னப் பேத்தி முதலாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு மாதத்தில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் கடைசி மகளைவிட இளையவர். பிள்ளையின் கொப்பியைத் திறந்து காட்டினார். பென்சிலைப் பொத்திப் பிடித்து இழுத்த கோடுகள், ஒன்றும் எழுத்தாகவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அதனால்தான் இரண்டு நாளாக வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஆரம்மா அவக்குப் பொத்தான் பூட்டிவிர்ற?"

"நான்தான்."

"சோறு?"

"நான்தான் தீத்துற."

"மீன் முள்ளு?"

"அதுவும் நான்தான். தொண்டையில சிக்கினா?"

"அப்ப அவட விரலுக்கு என்னம்மா வேலை? விரல் பழகாம பென்சில் பிடிக்க ஏலாது. கோவிக்காதீங்க."

கோபித்தேன். நேற்றுப் பிறந்தவள் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருகிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பெற்ற ஆறும் தாமே தின்று வளர்ந்தவை. எனக்கு அப்போது வயல் வட்டையில் கதிர் அறுப்பதற்கே நேரம் போதாது. இவளுக்குத்தான், தாய் பக்கத்தில் இல்லையே என்று எல்லாம் செய்தேன்.

அன்று மத்தியானம் வாவி மீன். அதற்கு முள் அதிகம். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றையும் ஒரு முழு மீனையும் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன்.

"முள்ளெடுத்துத் தாங்க அம்மம்மா."

"என்ட கைக்கு இண்டைக்கு லீவு."

"எத்தின நாளைக்கு?"

"உன்ட கை வேலைக்கு வாற வரைக்கும்."

அழுதாள். பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தாய் வெளிநாட்டில. கிழவிக்கு ஒரு முள்ளெடுத்துக் குடுக்க ஏலாமப் போயிற்றாகா?"

எனக்குச் சுருக்கென்றது. கை தொடைக்கடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. திரும்ப வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மீனைப் பிசைந்து கூழாக்கினாள். ஒரு கிழமையில் பெரிய முள்ளை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். மறுகா, அடுத்த கிழமை, சின்ன முள்ளும் வந்தது. கோப்பை விளிம்பில் வரிசையாக ஒட்டி வைப்பாள். பொத்தானைத் தானே பூட்டினாள். ஒன்று மாறிப்போய்ச் சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. அப்படியே விட்டேன். படலையைத் தாண்டி, ஊரே பார்க்கத் தெருவில் நடந்தாள். எனக்கு அதுதான் பெரிய பாடு. பள்ளிக்கூட வாசலில் டீச்சர் அந்தப் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், அவரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு வயிற்றுவலி வரவில்லை.

இப்போது அவள் ஐந்தாம் ஆண்டு. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் பலகை வாசிக்க வரும், அதற்குமேல் வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். வயிற்றுவலிக் கதையை வெட்டப் பார்த்தாள், விடவில்லை.

அந்த டீச்சர் மாற்றலாகி வாழைச்சேனைக்குப் போகிறாராம். அவர் சொன்னது சரிதான் என்று இவ்வளவு காலமும் என் வாயால் நான் சொன்னதில்லை. இந்தத் தாளை நாளைக்கு அவரிடம் கொடுக்க வேண்டும்.

"எங்க, எழுதினதை முதல்ல இருந்து வாசி புள்ள. கோவிச்சன் எண்டதையும் விடாம வாசி."