மாலையில் வந்து சேரும் கோடு

காட்பாடியில் ரயிலேறி, காலை ஒன்பதரைக்குப் பங்காருப்பேட்டையில் இறங்கினேன். பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டை. அங்கிருந்து நந்திதுர்க்குக்கு எண்பது ரூபாய் ஆட்டோ.

"இன்னா க்கா, மைன்ஸ் பாக்க வந்தீங்களா? மூடி எத்தினி வருசம் ஆச்சி!" என்றார் ஓட்டுநர்.

நான் போனது சர்க்கரை அளக்கும் சென்சார் பார்க்க. எனக்கும் சர்க்கரைதான். சித்தி மகள் கலாவதி, தன் பெண் கௌதமியின் கையில் ஒட்டியிருப்பதைப் பற்றிப் போனில் சொல்லியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடுகிற பெண். விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சென்சார் காட்டும் அளவு அவள் போனுக்கு வந்து, அங்கிருந்து அம்மா போனுக்கும் வரும். நாமும் ஒன்று ஒட்டிக்கொள்வோமே என்று ஆசை.

கலாவதி வீட்டில் டிவி மேல் சாக்லேட் பொட்டலம் இருந்தது. சபலத்தில் கை நீட்டினேன்.

"அது கௌதமிது க்கா. சுகர் எறங்கினா வாயில போட்டுக்க. இன்னிக்கு மறந்து வெச்சிட்டுப் பூட்டா."

கலாவதியின் கையிலிருந்த போனில் மகளின் சர்க்கரை அளவு ஒரு கோடாக ஓடி, எட்டரையோடு அறுந்திருந்தது.

"இன்னாடி, கெட்டுப்போச்சா?"

"கம்பெனி உள்ள போறப்போ போனை லாக்கர்ல வெச்சிடணும் க்கா. போன் கிட்ட இருந்தாத்தான் நமக்கு வரும்."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சுகர்னு தெரிஞ்சா வேலையவிட்டு நிறுத்திடுவாங்கன்னு பயப்படுறா."

களியும் கீரைக் குழம்பும் போட்டாள். பரிமாறும்போதும் கண் போனில்தான். "வராத கோட்டை ஏன் முறைக்கிற?" என்று எரிந்து விழுந்தேன்.

"எங்க மாமனார் மைன்ஸ்ல கேஜ் லிஃப்ட்ல கீழ எறங்கினா, மேல வர வரைக்கும் வீட்ல ஒன்னும் தெரியாது. முழுசா வந்துட்டா அத்தோட சரி. எனக்கு அப்டியில்ல க்கா."

அவள் சொன்னது மாலை ஐந்தரைக்கு விளங்கியது. கௌதமி லாக்கரிலிருந்து போனை எடுத்திருக்க வேண்டும். சென்சார் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்து, அறுந்த இடத்திலிருந்து கோடு தானாக நீண்டது. இரண்டு மணிவாக்கில் சரிந்து, நாற்பத்தெட்டைத் தொட்டு, வெகுநேரம் அடியிலேயே கிடந்தது. ஆளே மயங்கி விழக்கூடிய அளவு.

கலாவதி மகளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் மூச்சிரைக்கும் குரல்.

"பாத்துட்டியா மா? ஒன்னும் ஆவல. பாக்கெட்ல சாக்லேட் இருந்துச்சி, உடனே சாப்ட்டேன். டிரெயினுக்கு ஓடுறேன், வெச்சிடு."

கலாவதி டிவி மேலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"சரி மா. பாத்து வா," என்றாள்.

எனக்கொரு சென்சார் வாங்கும் பேச்சையே எடுக்காமல் கிளம்பினேன். மறுநாள் வேலூரில், இட்லித் தட்டோடு உட்கார்ந்தபோது மணி எட்டரை. அங்கே கோடு அறுந்திருக்கும். இனி மாலைவரை கலாவதி செய்ய ஒன்றுமில்லை, மாலையிலும் ஒன்றுமில்லை.