பழகிய பேப்பரில் எடுத்த புள்ளி

1. கந்தோர்

எங்கள் கந்தோருக்குப் பயமில்லாமல் படியேறி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சாரிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே கடைக்காரர் பாட்டுப் போட்டிருப்பார். மேலே ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு தங்கள் பெயர் கூப்பிடப்படுவதற்காகக் காத்திருப்பார்கள். அகதிக் கோரிக்கைகளை மட்டும் எடுத்து வாதாடும் ஒரு சட்டத்தரணியின் கந்தோர் அது. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. இந்தக் கியூபெக் மாகாணத்தில் சட்டத்தரணியை ‘மேத்ர்’ என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தட்டச்சு, மொழிபெயர்ப்பு, தொலைபேசி, தேத்தண்ணி எல்லாம் என் பொறுப்பு.

பயந்தவர்களைத் தேற்றுவது என் வேலையில் பாதி. “ஒண்டுக்கும் பயப்பிடாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க” என்று எங்கள் மட்டக்களப்புத் தமிழில் சொல்வேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும். பெரிய தைரியசாலி என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு இலையுதிர் காலம் அது. மேத்ர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னோடு அவர் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்.

“ரெஜினா, இன்னும் இரண்டு வருஷத்தில் கந்தோரை மூடப் போகிறேன். என் முழங்கால் இந்தப் படியை இனி ஏறாது. நீ என்ன செய்வாய்?”

“தெரியாது, மேத்ர்.”

“ஒரு சட்டத்தரணியின் வேலையில் பாதியை நீ ஏற்கெனவே செய்கிறாய். மற்றப் பாதியைப் போய்ப் படி.”

அவருக்கு அது சுலபமான பேச்சு. இந்தக் கந்தோருக்கு வருவதற்கு முதல் நான் கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் குளிர் அறையில் நின்றவள். வேறு எந்தச் சட்டத்தரணியும் என் கைவேலையை அறியார். இந்தக் கதவு மூடினால் எனக்குத் திறந்திருப்பது அந்தக் குளிர் அறைக் கதவுதான்.

பிரெஞ்சில் சட்டம் படிப்பிக்கும் இடங்களுக்கு நுழைவுச் சோதனை இல்லை. ஆனால் என் பிரெஞ்சு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கிவிட்டு ‘மெர்சி’ சொல்வதோடு முடிந்துவிடும். ஊரில் எடுத்த பட்டத்தோடு ஆங்கிலத்தில் படிப்பதென்றால் பக்கத்தில் ஒட்டாவா. அதற்கு எல்சாட் என்ற நுழைவுச் சோதனை எழுத வேண்டும். நூற்றிருபதில் தொடங்கி நூற்றெண்பதில் முடியும் புள்ளி. அந்த நாட்களில் இரண்டாம் தரம் எழுதினால் இரண்டையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். முதல் தரம் விழுந்தால் அந்த விழுகை கூடவே வரும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை.

2. ஊர்ப் பழக்கம்

நாங்கள் ஊரில் சோதனைக்குப் படித்தது ஒரே ஒரு முறையில்தான். பாஸ்ட் பேப்பர். பத்து வருஷப் பேப்பரையும் வாங்கி, செய்து, திரும்பச் செய்து, ரியூசன் வாத்தியார் கேள்வியின் முதல் சொல்லைச் சொன்னதும் நாங்கள் விடையைச் சொல்லும்வரை செய்வோம். கெட்டிக்காரி என்று பெயரெடுத்ததும் அப்படித்தான்.

எல்சாட்டின் பழைய பேப்பர்கள் பத்து சேர்ந்த ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். விடியற்காலையில் வில்லரேயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையிலும், மத்தியானம் கந்தோர் மேசையிலும் அதுதான். ஒவ்வொரு பகுதிக்கும் முப்பத்தைந்து நிமிடம். ஏழு பேர் ஏழு கதிரைகளில் இருக்கிறார்கள், இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் இருக்கக்கூடாது, அப்படியானால் நடுவில் யார் என்று கேட்பான். எங்கள் ஊர்க் கலியாணப் பந்தியில் ஆட்களை இருத்தும் தலையிடிதான், ஆனால் மணிக்கூட்டோடு.

முதல் பேப்பரில் நூற்று நாற்பத்தொன்று. அழுதேவிட்டேன். பத்தையும் செய்து முடித்து, திரும்பவும் முதல் பேப்பரிலிருந்து தொடங்கினேன். நூற்று ஐம்பத்திரண்டு. மூன்றாம் சுற்றில் நூற்று அறுபது. பனி கொட்டி முடிகிற நேரம் நூற்று அறுபத்தேழு.

பேக்கரியில் வேலை செய்யும் என் கணவர் சேவியர், கையில் ஒட்டிய மாவைத் தட்டாமலே வந்து புள்ளியைக் கேட்பார்.

“அறுபத்தேழா? அப்ப நீ லோயர்தான் கா. மறுகா ஏன் முகம் இப்பிடி இரிக்கு?”

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. புள்ளி ஏற ஏறப் பயமும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் புத்தகத்தைத் தொடாவிட்டால் கை நடுங்கும். தொட்டு, தெரிந்த கேள்வி ஒன்றைச் செய்ததும் நடுக்கம் நிற்கும். அதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

3. வித்யா கொண்டுவந்த பேப்பர்

சென்னையிலிருந்து வந்த வித்யா எங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதைவிட்டுச் சட்டம் படிக்க ஆசை. நான் பதிந்திருந்த ஜூன் மாதச் சோதனைக்கே அவளும் பதிந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தில் சேர்ந்திருந்து எழுதுவோம் என்றாள். அப்போதுதான் வெளியே வந்திருந்த புதுப் பேப்பர் ஒன்றை இரண்டு பிரதி எடுத்து வந்தாள்.

நான் சந்தோஷமாகத்தான் போனேன். அவளுடைய புள்ளி நூற்று ஐம்பத்தைந்து என்று தெரியும், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒரு பெரிய மனுஷித்தனம்.

முதல் கேள்வியை வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். என் புத்தகத்தில் கேள்வியைப் பார்த்ததும் விடை தானாக எழுந்து வரும். இங்கே ஒன்றும் எழவில்லை. காதுக்குள் இரைச்சல் கேட்டது. எழுதி முடித்துத் திருத்தியபோது எனக்கு நூற்று நாற்பத்தாறு, அவளுக்கு நூற்று ஐம்பத்தாறு.

வித்யா என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த புக்க எத்தன தடவ போட்டீங்க?”

“ஆறு தரம்.”

“ஒரே டெஸ்ட்டையா? அப்போ அறுபத்தேழு உங்க ஸ்கோரே இல்லக்கா. விடையெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு, அவ்ளோதான்.”

கோபம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று மனம் சண்டை பிடித்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஜோன்-தலோன் வீதியில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் முழித்துக்கொண்டிருந்தேன். சோதனைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்து ஐந்து புள்ளி ஏறியிருக்கிறேன். அன்று இரவு கனவில் கோழிகள் வந்தன. சேவியரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

4. குணம் அண்ணனின் கதவு

திங்கட்கிழமை குணம் அண்ணனின் ஒத்திகை. எங்கள் கந்தோரில் ஒவ்வொரு விசாரணைக்கு முன்னும் ஒத்திகை நடத்துவோம். மேத்ர் விசாரணை அதிகாரிபோலக் கேட்பார், நான் மொழிபெயர்ப்பேன். குணம் அண்ணன் கல்குடாப் பக்கத்து மீன்பிடிக்காரர். அவர் சொன்ன கதையைக் கேட்டுத் தமிழில் எழுதி, அவருக்கு ஒரு பிரதி கொடுத்து, ஆங்கிலத்தில் மேத்ருக்குக் கொடுத்தது நான்தான்.

மேத்ர் தொடங்கச் சொன்னார். குணம் அண்ணன் நிமிர்ந்திருந்தார்.

“அன்று பிற்பகல் நான் வலையை உலரவிட்டு இல்லம் திரும்பியபோது ஆயுதம் தரித்த நால்வர்...”

எனக்குத் திக்கென்றது. அவை என்னுடைய வசனங்கள். குணம் அண்ணன் தன் வாழ்நாளில் வீட்டை ‘இல்லம்’ என்று சொல்லியிருக்க மாட்டார். நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் பாடமாக்கியிருக்கிறார். மேத்ருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒப்புவிக்கிற அந்த ராகத்தில் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இடையில் மறித்தார்.

“வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?”

நான் தமிழில் கேட்டேன். குணம் அண்ணன் முதலிலிருந்து தொடங்கினார்.

“அன்று பிற்பகல் நான் வலையை உலரவிட்டு...”

தன் கையால் கட்டிய வீட்டின் கதவு அவருக்கு மறந்துபோய்விட்டது. மேத்ர் பேனையை வைத்துவிட்டு வெளியே போனார். விசாரணையில் இப்படி நடந்தால் கதை பொய் என்று எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

“என்ன அண்ணன் இது! பாடமாக்க வேணாமெண்டு எத்தினை தரம் சொன்ன நான்? ஒரு கேள்வி மாறினா விழுந்துபோவீங்க. தாளை விடுங்க. வீட்டைப் பாருங்க, பாத்துச் சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கட றூமில எல்லாரும் பாடமாக்கித்தான் போறாங்க தங்கச்சி. எனக்கும் தெரியும் அது பிழையெண்டு. ஆனா பாடஞ் சொல்லக்குள்ள நெஞ்சிடி நிக்குது. அதுக்குத்தான் சொல்றன்.”

நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்துபோனேன். வித்யா சொன்னபோது ஏறாதது இப்போது ஏறியது. நானும் நெஞ்சிடி நிற்பதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை ஆறு தரம் செய்திருக்கிறேன். படிப்பதற்காக அல்ல.

அன்றைக்கே புத்தகத்தை வித்யாவிடம் கொடுத்தேன். அவளிடம் நான் பார்க்காத பேப்பர்கள் இருந்தன. ஒரு பேப்பரை ஒரு தரம்தான் செய்வது என்று வைத்துக்கொண்டேன். பிழைத்த கேள்விகளை நேரம் பார்க்காமல் எடுத்து வைத்து, விடை ஏன் சரி என்பதைவிட மற்ற நாலும் ஏன் பிழை என்று வித்யாவுக்கு வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எனக்கு அது தெரியாது என்று அர்த்தம். நூற்று நாற்பத்தொன்பது வந்தது. பிறகு நூற்று நாற்பத்தெட்டு. பிறகு ஐம்பத்திரண்டு, ஐம்பத்துநாலு. ஒவ்வொரு புதுப் பேப்பரைத் திறக்கும்போதும் பயம் வரும். அதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பயந்துகொண்டே செய்யப் பழகினேன்.

5. பெருவிரல்

சோதனை நடந்தது நகர மத்தியில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில். வாசலில் வரிசையில் நின்றபோது முன்னுக்கு என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். மை பூசிய சின்னப் பெட்டி. ஒவ்வொருவரும் பெருவிரலை அதில் வைத்துத் தாளில் பதித்துவிட்டு உள்ளே போனார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அப்போது அப்படி ஒரு நடைமுறை இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெடியன்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு பதித்தார்கள்.

என் முறை வந்தும் நான் நகரவில்லை. ஊரில் ஒரு தரம் பள்ளிக்கூட மைதானத்தில் துவக்கோடு வந்தவர்கள் எங்களை வெயிலில் இருத்திவிட்டு இப்படித்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இங்கே வந்திறங்கிய அன்றும் பத்து விரலையும் எடுத்தார்கள். பெருவிரலை யாரும் கேட்டால் அதற்குப் பிறகு நல்லது நடக்கும் என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

“மதாம்?” என்றாள் மேசையிலிருந்த பெண். “மதாம், சுகமில்லையா?”

பதித்தேன். மையைத் துடைக்கச் சட்டைக் கரையைத் தவிர ஒன்றுமில்லை. விடைத்தாளில் மை பட்டால் மெஷின் அதைப் பிழையாக வாசித்துவிடும் என்ற புதுப் பயம் வேறு. பெருவிரலை மடக்கிக்கொண்டு பென்சிலைப் பிடித்தேன்.

இரண்டு பகுதி போனது. மூன்றாவதில் மேடையில் பாடுபவர்களை வரிசைப்படுத்தும் கணக்கு ஒன்று வந்தது. வாசித்தேன், ஏறவில்லை. முதல் வரியிலிருந்து வாசித்தேன். திரும்பவும் முதல் வரி. நாலாம் தரம் அதே முதல் வரிக்குப் போனபோது என் காதில் குணம் அண்ணனின் குரல் கேட்டது. ‘அன்று பிற்பகல் நான் வலையை உலரவிட்டு...’ அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். கடைசியில் நேரம் மிஞ்சியபோது திரும்பி வந்து, தாளின் மூலையில் ஒரு மேடை கீறி, ஆட்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பாதி விளங்கியது. மீதியை ஊகித்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் சேவியர் கேட்டார். “எவ்வளவு வரும் கா?”

“தெரியா.”

உண்மையாகவே தெரியவில்லை. வேண்டாமென்றால் சில நாட்களுக்குள் புள்ளியை ரத்துச் செய்யலாம். இரண்டு தரம் தொலைபேசியை எடுத்து வைத்தேன். ரத்துச் செய்யவில்லை.

முடிவு வருவதற்கு முன் குணம் அண்ணனின் விசாரணை வந்தது. மேத்ருக்குப் பின்னால் நான் இருந்தேன். அதிகாரி நாங்கள் ஒத்திகையில் கேட்காத ஒன்றைக் கேட்டார்: “வீட்டில் நாய் இருந்ததா? குரைத்ததா?” குணம் அண்ணன் கண்ணை மூடினார்.

“இருந்த. அண்டைக்குக் குரைக்கல்ல” என்றார். “வந்தவங்கள்ல ஒருத்தன் எங்கட ஊர்ப் பெடியன். நாய்க்கு அவனைத் தெரியும்.”

நான் எழுதிய கதையில் அது இல்லை. அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. கேஸ் அன்றைக்கே வென்றது.

அடுத்த கிழமை எனக்கு நூற்று ஐம்பத்தாறு வந்தது. வேலை அனுபவம் உள்ள வயது வந்தவர்களுக்கென்று வைத்திருந்த இடங்களில் ஒன்றை ஒட்டாவாவில் தந்தார்கள். மேத்ர் கந்தோரை மூடிய கையோடு நான் பஸ் ஏறினேன்.

இப்போது என் கந்தோருக்கும் எல்சாட் எழுதப்போகும் பிள்ளைகள் வருகிறார்கள், நூற்று எழுபது வருகிறது அன்ரி என்று சொல்லிக்கொண்டு. எத்தனையாம் தரம் செய்த பேப்பர் என்று கேட்பேன். முழிப்பார்கள். மேசை லாச்சியில் ஒரு புதுப் பேப்பர் எப்போதும் வைத்திருக்கிறேன். அதை எடுத்து நீட்டியதும் அவர்கள் முகத்தில் வருகிற பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். முந்தி என்றால் பயப்படாதே என்று குரலை இனிமையாக்கியிருப்பேன். இப்போது அப்படி ஒருவருக்கும் சொல்வதில்லை.

“பயமாத்தான் இரிக்கும். திறந்து செய்யுங்க” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.