கிளட்ச் இல்லாத காயல்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பையப்பனஹள்ளி டெர்மினலில் ரயில் ஏறினோம், நானும் என் கணவர் அந்தோணியும். நான் பிரேசர் டவுனில் பிளவுஸ் தைப்பவள். அவர் வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேன் ஓட்டுபவர். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறார். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி அந்தக் காலால் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கம்பெனியில் நல்லவர்கள். கிளட்சே இல்லாத எலெக்ட்ரிக் வேன் ஒன்று தருகிறோம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

"கிளட்ச் இல்லாத வண்டி ஓட்றவன் இன்னா டிரைவரு? அது பொம்மை காரு," என்றார் இவர். அதோடு வீட்டில் சிரிப்பு நின்றது. மூன்று வாரமாக வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். கொல்லத்துக்கு டிக்கெட் போட்டது நான். காயல் பார்க்கத்தான் என்று சொன்னேன். உண்மையில் அந்தச் சிரிப்பைத் தேடித்தான் போனேன்.

காலை 8.50. கொல்லம் ஸ்டேஷன். வெளியே வந்ததும் மழை பெய்து ஓய்ந்த மண்வாசனை. படகுத்துறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஆட்டோக்காரர் வளைவில் பிரேக் போடும் போதெல்லாம் பின் சீட்டில் இவருடைய இரண்டு காலும் தரையை அழுத்தின. வலது கால் பிரேக்குக்கு, இடது கால் கிளட்சுக்கு. ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தார். இருபத்தாறு வருடப் பழக்கம். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் இவர் காலால் ஓட்டிக்கொண்டுதான் வருவார்.

"நீங்க இன்னிக்கு பாசஞ்சர். கால சும்மா வைங்க," என்றேன்.

"சும்மாதான் வெச்சிருக்கேன்," என்றார், அழுத்திக்கொண்டே.

9.45. படகுக்காரர் பெயர் ஷாஜி. பச்சை பெயின்ட் அடித்த சின்ன மோட்டார் படகு, மேலே தார்ப்பாய்க் கூரை. இரண்டு மணி நேரத்துக்கு 1,600 ரூபாய் என்று பேசி ஏறினோம். கரையை விட்டு நகர்ந்ததும் அஷ்டமுடிக் காயல் விரிந்தது பாருங்கள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் அல்சூர் ஏரியைக் கொண்டுவந்து இதில் ஊற்றினால் ஒரு மூலைக்குக் காணாது. கரையெல்லாம் தென்னை. தண்ணீரின் மேல் சீன வலைகள் பெரிய கொசுவலை போலத் தொங்கின. ஒரு கம்பத்துக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் இறக்கை காயப்போட்டிருந்தன. எனக்குச் சின்னப் பெண் போலக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

இவர் காயலைப் பார்க்கவில்லை. ஷாஜியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் ஒரு கையில், வேகத்துக்கு ஒரு நெம்புகோல் மறு கையில்.

சாம்ப்ராணிக்கோடி என்ற தீவருகே இடுப்பளவு நீரில் ஜனங்கள் நின்று வடை தின்றுகொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி அகலமான நீர்ப்பரப்பு வந்ததும் ஷாஜி திரும்பினார். "சேட்டா டிரைவரல்லே? கண்டாலே அறியாம். கொறச்சு ஓடிக்குன்னோ?" கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

கரும்பு தின்னக் கூலியா? அடுத்த நொடி இவர் ஸ்டியரிங்கில் இருந்தார். ஷாஜி பக்கத்திலேயே நின்றுகொண்டார். முதலில் படகு குடித்தவன் போல ஆடியது. ஐந்து நிமிடத்தில் நேரானது. அப்போதுதான் முன்னால் மூங்கில் கழிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். தடால்! இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தார். படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சேட்டா! அவிடெ ஒன்னும் இல்லா! பலகை மாத்ரம்!" என்று கத்திக்கொண்டே ஷாஜி நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். படகு கழிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

இவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். வெறும் பலகை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு, அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மாதாவே, இது போதும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் இவர்தான் ஓட்டினார். இடது காலைப் பெஞ்சின் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு.

பகல் 1.30. படகுத்துறையிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் தங்கசேரி, பழைய துறைமுக ஊர். சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். போர்த்துகீசியர் கோட்டையில் இடிந்த சுவர்தான் மிச்சம், அதன் மேல் ஆட்டுக்குட்டி ஒன்று நின்றது. சந்துகளில் ஓட்டு வீடுகள், வாசலுக்கு வாசல் சிலுவை. எங்கள் ஊர் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துத் தெரு ஒன்று கடலோரம் நழுவி வந்துவிட்டதோ என்று தோன்றியது. மட்டை அரிசிச் சோறும் பொரித்த கரிமீனும் 280 ரூபாய். முள்ளைக்கூட விடவில்லை.

அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்தோம். மீன்படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்குள் திரும்பின. ஒவ்வொன்றும் எப்படி வேகம் குறைத்து ஒட்டி நிற்கிறது என்று இவர் கவனித்தார்.

"ஸ்டெல்லா, அத்தினி பெரிய படகு. எவன் காலும் மிதிக்கல பாரு."

நான் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

மாலை 6.50. திரும்பும் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இவர் போனை எடுத்தார். கம்பெனி சூப்பர்வைசர் கன்னடக்காரர். "சார், ஆ எலெக்ட்ரிக் காடி இன்னூ காலி இதெயா?" அந்த வண்டி இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சார், சோமவார பர்த்தீனி," என்றார். திங்கட்கிழமை வருகிறேன். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அஷ்டமுடி இருட்டில் பின்னால் போயிற்று. அடுத்த ஸ்டேஷன் வந்தது, ரயில் வேகம் குறைந்தது. நான் குனிந்து பார்த்தேன். வலது கால் தரையை அழுத்தியது. இடது கால் சும்மா இருந்தது.