கணவருக்குத் தெரிந்தால்

எழுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் தோற்றுப்போய், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டுட்டோரியலில் சேர்ந்தேன். பெண்களுக்குக் காலை வகுப்பு. எங்கள் பெஞ்சில் சுவரோரமாக ஒரு அக்கா உட்காருவார். வகுப்பில் கல்யாணமானவர் அவர் ஒருவர்தான். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலை என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

அன்றைக்கு 'இஃப்' போட்டு எழுதும் வாக்கியங்கள். வாத்தியார் இலக்கணப் பிழை கேட்டால் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். 'இஃப்' இருக்கும் பாதியில் வினைச்சொல் நிகழ்காலத்தில்தான் நிற்க வேண்டும், நடக்கப்போவது நாளைக்கே என்றாலும் 'வில்' அடுத்த பாதிக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். மழை பெய்தால் குடை எடுப்பேன் என்றேன் நான். பஸ் வராவிட்டால் நடப்பேன் என்றாள் அடுத்தவள். அக்கா எழுந்து, மெதுவாக, "இஃப் மை ஹஸ்பண்ட் வில் நோ, ஹி கில் மி" என்றார்.

என் கணவருக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். அதைத்தான் சொல்ல வந்தார். வாத்தியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். 'வில்' இடம் மாறிவிட்டது, 'நோ'வோடு 'ஸ்' சேர வேண்டும் என்று கரும்பலகையில் திருத்தி எழுதி, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். நாங்கள் ராகம் போட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னோம். அக்காவும் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. என் குரல் பாதியில் நின்றுபோனது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, அது சும்மா உதாரணம்தானே என்று கேட்டேன்.

"எனக்கு உதாரணமெல்லாம் தோணலை அம்மிணி. நெசத்தைத்தான் சொன்னேன். போன வருசம் பொஸ்தகத்தையெல்லாம் அடுப்புல வெச்சுப்போட்டாரு. இன்னொருக்கா படிக்கப் போனா உசுரோட உடமாட்டேன்னு சொல்லியிருக்காரு."

கணவர் வேலைக்குப் போனதும் அக்கா வகுப்புக்கு வருவார். அவர் திரும்புவதற்குள் வீட்டில் இருப்பார். இப்படியே நாலைந்து மாதம் ஓட்டியிருக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஃபேக்டரியில் திடீர் வேலைநிறுத்தம்; வேலைக்குப் போனவர்கள் உடனே திரும்பிவிட்டார்கள். நடுவகுப்பில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். படிய வாரிய தலை, வெளுத்த சட்டை. எங்கள் வீடுகளில் இருக்கும் அண்ணன்களில் ஒருவர் போலத்தான் இருந்தார். அதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

"அவளை வெளிய அனுப்புங்க. நான் அவ ஊட்டுக்காரன்" என்றார். குரல் உயரவே இல்லை.

அக்கா எழுந்தார். அவர் வெளியே வர வேண்டுமானால் பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து வழிவிட வேண்டும். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருத்தியும் எழவில்லை. வாத்தியார் நேராக வாசலுக்குப் போய் அவருக்கு முன்னால் நின்றார். வகுப்பு முடியவில்லை என்று மட்டும் சொன்னார். சாக்பீஸ் அவர் விரல்களுக்குள் நொறுங்கி விழுவதைப் பார்த்தேன். வந்தவர் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, கதவை ஓங்கி அறைந்துவிட்டுப் போனார்.

அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. பொள்ளாச்சி போகும் வழியில் கோபாலபுரத்தில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போனார்; நானும் வாத்தியாரும் பஸ்ஸில் கூடவே போனோம். கணவர் வந்து கூப்பிட்டும் தமக்கை அனுப்பவில்லை. பரீட்சைக்கு அக்காவைத் தமக்கையின் கணவர் கூட்டிவந்து, முடியும்வரை கேட்டிலேயே நின்றார். அக்கா ஆங்கிலத்தில் தேறினார். பிறகு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நர்சரியில் டீச்சராகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.