எதிர்வீட்டுக்கு வந்த போன்

எங்கள் வீட்டு டெலிபோனின் வாய்ப்பகுதியில் ஒரு வாடை உண்டு. வெற்றிலை, மூக்குப்பொடி, தேங்காயெண்ணெய், காலையில் தின்ற வெங்காயச் சட்னி எல்லாம் கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி அந்தச் சின்னத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா, அப்பாவின் பேண்டேஜ் துணி யூனிட்டிலிருந்து வந்த காஸ் துணித் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து அதைத் துடைப்பாள். அன்றைக்கு மட்டும் போன் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தெரு மறுபடியும் அதில் ஏறிவிடும். இன்று என் கையில் இருக்கிற போனுக்கு வாடையே கிடையாது. இருந்தும், அது நாள் முழுக்கச் செய்தி வந்து வந்து உதறிக்கொண்டே இருப்பதில் எனக்கு வருகிற அலுப்பு, அந்த வாடையில் என்றைக்கும் வந்ததில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பெரும்பாலும் மில்லுக்குப் போகிறவர்கள்தான் குடியிருந்தார்கள். ஆர்டர் பிடிக்க வேண்டியிருந்ததால் அப்பா மட்டும் வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு போன் வாங்கி வைத்திருந்தார். வாங்கியது அவர், பயன்படுத்தியது தெரு. கல்யாணப் பத்திரிகையில், கடை பில்லில், துபாய்க்குப் போன மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் என்று எல்லாவற்றிலும் எங்கள் எண்ணைப் போட்டு, பக்கத்திலேயே "பி.பி." என்று எழுதிவிடுவார்கள், பக்கத்து வீட்டுப் போன், கேட்டால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். எங்களைக் கேட்டுக்கொண்டு எழுதினவர்கள் கொஞ்சம் பேர்தான். மணி அடித்தால் அம்மா எடுப்பாள், யாருக்கு என்று கேட்பாள், நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவேன். "ஏட்டி, யாரு பேசுதா? ஆம்பளையா பொம்பளையா?" என்று எதிரே வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், எனக்கு வந்த போன் மாதிரி நானும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மதுரையில் இருக்கிறவனுக்கு மதுரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திப் பேசுவார்கள். அம்மா அடுப்படியில் காய் நறுக்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு இருப்பாள். யார் வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், யார் மகன் பரீட்சையில் தேறவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். அதை எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற நேரத்தில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், காய்ச்சலில் படுத்திருக்கிற நேரத்தில் எல்லாம் எழுந்து எழுந்து மற்றவர்களின் செய்தியை வாங்கி வாங்கி அவள் முகத்தில் நிரந்தரமாக ஒரு சோர்வு வந்துவிட்டிருந்தது. மணி அடிக்கும்போதே கண்ணை ஒரு முறை மூடித் திறப்பாள்.

சாவுச் செய்திகளும் அந்தப் போனில்தான் வந்தன. முதல் முறை அப்படி ஒன்று வந்தபோது, அம்மா உரிய ஆளை வரவழைத்து அவர் கையிலேயே ரிசீவரைக் கொடுத்துவிட்டாள். தம்பி போய்விட்டான் என்று கேட்ட அந்த மனுஷன் எங்கள் கூடத்திலேயே மயங்கி விழுந்து, ஸ்டூல் விளிம்பில் மண்டை இடித்து ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சாவு என்று போன் வந்தால் யாரையும் கூப்பிட மாட்டாள். ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு அவளே அந்த வீட்டுக்குப் போவாள். "ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம். உன்னையத்தான் கேக்காகளாம். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்பாள். சாவு வீட்டுக்குப் போனால் பச்சைத் தண்ணீர்கூட எப்போது கிடைக்குமோ, போகிறவள் வயிற்றில் நாலு பருக்கையாவது இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் நாளாக நாளாகத் தெருவுக்கு இது பிடிபட்டுவிட்டது. அம்மா கையில் மூடிய தட்டோடு வாசல்படி இறங்கினால் போதும், அந்தந்த வீட்டுப் பெண்கள் வெளியே வந்து, எந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் எதிர்வீட்டில் சுந்தரி சித்தி இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை; அம்மாவை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்குச் சித்தி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கட்டிக்கொண்டது மில்லில் வேலை பார்த்த அந்தோணி சித்தப்பாவை. பெண் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய அப்பா அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர், வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூவி அழைக்கிற வேலை. மகள் பெயரை மட்டும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். இவள் போகவில்லை, அவர் வரவில்லை. தம்பி மட்டும் எப்போதாவது எங்கள் போனில் பேசுவான். நான் போய்க் கூப்பிடும்போதெல்லாம், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "எங்க அப்பாவா?" என்று கேட்பாள். இல்லை, உங்கள் தம்பிதான் என்பேன். "சரி, வாரேன்" என்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள், ஒரு முறைகூட விட்டதில்லை.

காலாண்டு லீவில் ஒரு நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தம்பி பேசினான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே அனுப்பி வையுங்கள் என்றான். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, என்னை ஓடச் சொல்லவில்லை. சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகுதான் சித்தி சாப்பிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பஸ், ஆஸ்பத்திரி, அங்கே ஒரு வாய் யார் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பாள். யோசிக்காமலே சோற்றைப் போட்டு, புளிக்குழம்பை ஊற்றி, தட்டைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

சித்தி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவா, அக்கா?"

"ஆமா, சுந்தரி. ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம். உன்னையத்தான் கேக்காகளாம். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

எல்லார் வீட்டிலும் சொன்ன அதே வார்த்தைகள். சித்தி அழாமல் தட்டை வாங்கி, மடியில் வைத்து, சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அதற்குள் தெருப் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். தட்டைப் பார்த்து என்ன நினைத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏ, நெசமாத்தான் சொல்லுதேன், உசுரோட இருக்காக. மொதல்ல பஸ் ஏத்தி விடுங்க" என்று பதறினாள். "சரிக்கா, சரிக்கா" என்று அம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தார்கள். போன் வீட்டம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள், மனசு தாங்காதவள் என்பது அவர்கள் நினைப்பு. "அவசரப்பட்டு என்ன ஆகப் போவுது, புருஷன் வரட்டும், சேந்தே போகட்டும்" என்றார்கள். மில் கேட்டுக்கு ஆள் போனது. மாற்று ஆள் வந்து சித்தப்பாவை விடுவிக்க நேரமானது. ஒருவர் வேன் பேசினார். ஒருவர் மாலை வாங்கி வந்தார், கோடித் துணி வாங்கி வந்தார். அம்மா சித்தியின் கையைப் பிடித்து, "நாம ரெண்டு பேரும் இப்பவே பஸ்ஸுல போவோம், வா" என்று இழுத்தாள். சித்தி அந்தக் கையிலேயே முகத்தை வைத்து அழுதாள், எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வேன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது தம்பி ஓடி வந்தான். "ஏன்க்கா இம்புட்டு நேரம்? செத்த முன்னாடிதான் போனாக. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாகளே" என்றானாம். கூடப் போயிருந்த அம்மா திரும்பி வந்து அப்பாவிடம் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். வாங்கிப் போன மாலை வீணாகவில்லை.

சித்தி எங்களைத் திட்டவில்லை. எங்கள் வீட்டுப் படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மா அன்றோடு மாறிப்போனாள். அதற்குப் பிறகு சாவுச் செய்தி வந்தால் வெறுங்கையோடு போய், வாசலில் நின்று, "இன்னார் இறந்துட்டாக" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். மயங்கி விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வாள். கல்நெஞ்சுக்காரி என்று பேர் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முக்குக்கு முக்கு மஞ்சள் போர்டு போட்டு எஸ்.டி.டி. பூத் வந்ததும் தெரு சந்தோஷமாக அங்கே போய்விட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு அப்பா ஒரு "கார்ட்லெஸ்" வாங்கினார். வயர் இல்லாமல், ஏரியல் கம்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்து பேசலாம். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். சித்திக்குத் தம்பியிடமிருந்து போன் வந்த அன்று, அதை என் கையில் கொடுத்து, "ஓடு, அவ வீட்டுலயே வச்சுக் குடு" என்றாள். பாழாய்ப் போன அந்தக் கருவிக்குத் தெருவின் பாதி வரைக்கும்தான் தெம்பு இருந்தது. சித்தி வீட்டுப் படிக்குப் போனால் கரகரவென்று இரைந்து குரல் அறுந்துவிடும். சித்தி இறங்கி வந்து, குரல் கேட்கிற இடம் எதுவோ அங்கே, நடுத்தெருவில், சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போக, வெயிலில் நின்று பேசினாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் எங்கள் வீட்டு நிழல். வைக்கவில்லை. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு அம்மாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தொண்ணூறுகள் முடிவதற்குள் எல்லார் வீட்டுக்கும் போன் வந்துவிட்டது, எதிர்வீட்டுக்கும். இரண்டு பேரும் வாசலில் கோலம் போடும்போது தலையசைத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பலகாரம் பிள்ளைகள் கையில் போய் வரும். அவ்வளவுதான்.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். போன வருஷம் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லத் தெம்பும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் எங்கள் பழைய தெருவின் வாட்ஸப் குழுவில், போன் வீட்டம்மா இன்ன ஆஸ்பத்திரியில் சீரியஸாக இருக்கிறார் என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள், எரிகிற விளக்கு. மத்தியானத்துக்குள் ஒருவர் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுத, அடுத்தடுத்து எல்லாரும் அதையே எழுதினார்கள். கட்டிலில் அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொருவருக்கும், அம்மா நன்றாக இருக்கிறார் என்று தட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் பாதிப் பேர் கும்பிடுகிற கைகளையே அனுப்பினார்கள். ஒருவர்கூடக் கூப்பிட்டுப் பேசவில்லை. நானாக ஒருவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, என்ன விஷயம் என்று எழுதிக் கேட்டார்.

அப்போதுதான் சுந்தரி சித்தி உள்ளே வந்தாள். வீட்டில் உடுத்துகிற சேலை, கையில் ஒன்றும் இல்லை, பை கூட இல்லை. பேரன் போனில் காட்டினானாம். காட்டிய கையோடு பஸ் ஏறிவிட்டாள். கட்டில் பக்கத்தில் நின்று, அம்மாவை மேலும் கீழும் பார்த்து, மூச்சு வாங்க, "இருக்கீகளா, அக்கா" என்றாள்.

"இருக்கேன், இரு" என்றாள் அம்மா. கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் தட்டோட வந்திருக்கக் கூடாது, சுந்தரி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க என்னக்கா செய்வீக. எனக்குப் பசிச்சுச்சு. அப்பா செத்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டே அம்புட்டையும் தின்னேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீக. பொறவு எந்த மூஞ்சியோட உங்க முன்னால வந்து நிப்பேன்?"

அம்மா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சித்திக்குக் கோபம் என்றுதான் அம்மா அத்தனை காலமும் நினைத்திருந்தாள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் பைக்குள் போன் உதறிக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. அந்தப் பழைய டெலிபோன் இன்று இல்லை, பூத்துகள் இல்லை, நடுத்தெருவில் அறுந்துபோன அந்தக் கார்ட்லெஸ் எங்கே போனதென்று தெரியாது. எதிரும் புதிருமாக இருந்த வீடுகள், முதலில் ஒரு வீட்டில் போன் இருந்தது, பிறகு இரண்டு வீட்டிலும் இருந்தது, அதற்குப் பிறகு எல்லார் கையிலும் இருந்தது. இந்த ஒரு பேச்சைப் பேச சித்தி பஸ் ஏறித்தான் வர வேண்டியிருந்தது.