பட்டிக்கு ஒரு துணைக்கால்

என் மகன் காலிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. காட்டுக்குள் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. முதலுதவிப் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் கட்டுப் போடும் துணி இல்லை. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். மாதேஸ்வர மலை மாதப்பனைக் கும்பிடுகிற உங்கள் எல்லோர் முன்னாலும் முதலில் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி காவ்யா எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்.

போன வருடம் என் மகன் சேகருக்கு நெஞ்சுவலி வந்தது. மைசூர் ஹெப்பாளில் பாக்டரி வேலை பார்க்கிறவன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். "அவன் எழுந்து நடந்தால் காட்டுப் பாதையில் நடந்தே உன் மலைக்கு வருவான் மாதப்பா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான், நடக்க வேண்டியது அவன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இந்த மாசியில் டாக்டர், மெதுவாக நடக்கலாம் என்றார். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான். அதனால் காவ்யாவுக்குப் பயம்.

"அப்பாவுக்குச் சின்னதா வெட்டுனாலும் ரத்தம் லேசுல நிக்காது பாட்டி. நாங்க மூணு பேரும் போயிட்டு வர்றோம். உனக்கு மூட்டு வலி, நீ வேண்டாம். முதலுதவிப் பையை மட்டும் கட்டி வெச்சிரு. லிஸ்ட் எழுதி வெக்கறேன்."

மூன்று பேர் என்றால் அவள், அவள் அப்பா, அம்மா செல்வி. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

காவ்யா படித்ததெல்லாம் கன்னடத்தில். தமிழ் எழுத்து நான் வீட்டில் சொல்லிக் கொடுத்தது. பட்டியலைத் தமிழிலேயே எழுதி பீரோவில் ஒட்டியிருந்தாள். பஞ்சு. கத்தரிக்கோல். காய மருந்து. உப்பு சர்க்கரைப் பொட்டலம். அப்பா மாத்திரை. பட்டி 4.

பட்டி! எங்கள் ஊரில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். நாலு ஆட்டுப்பட்டியை எந்தப் பையில் வைப்பது? யோசித்தேன். பிள்ளை துணைக்காலை விட்டுவிட்டாள் என்று புரிந்தது. ஒரு கால் போட்டால் பாட்டி. அவர்கள் மூன்று பேர், நாலாவது பாட்டி! மனசு மாறிவிட்டாள், நேரில் சொல்ல வெட்கப்படுகிறாள். மற்றதையெல்லாம் பையில் வைத்து, பாட்டியையும் கிளப்பிவிட்டேன்.

காலையில் கைத்தடியும் பையுமாக வாசலில் நின்றதும் காவ்யா கத்தினாள். "நீ எங்க கிளம்பிட்ட?"

"லிஸ்டுல பேரு இருக்குதே கண்ணு."

எப்போதும்போல வம்பு பண்ணுகிறேன் என்று நினைத்தாள். சேகர்தான், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரட்டும் விடு" என்றான்.

மலையடிவாரத்தில் தாளபெட்டாவில் இறங்கிக் காட்டுப் பாதையில் ஏறினோம். பத்து மணி இருக்கும். முன்னால் போன சேகர் பாறையில் வழுக்கி விழுந்தான். கல்லின் முனை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. வைத்த பஞ்சு வைத்ததுமே சிவப்பாகிவிட்டது. செல்வி உதவி தேடிக் கீழே ஓடினாள். காவ்யா ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் பையைத் துழாவினாள். பதற்றத்தில் கன்னடம்தான் வந்தது.

"பட்டி எல்லி? பட்டி!"

"இங்கதான் இருக்கறேன் கண்ணு."

"நீ இல்ல பாட்டி! பட்டி! கால்ல கட்டறது! நாலு எழுதியிருந்தேனே!"

அப்போதுதான் புரிந்தது, கன்னடத்தில் பட்டி என்றால் கட்டுத்துணி. சேகர் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "மாதப்பா, ஆசைப்பட்டு ஒரு கால் சேத்துப் படிச்சேன். அதுக்காக எம்பையன் காலை எடுத்துராதே." அவ்வளவுதான் சொல்ல வந்தது.

கண்ணைத் திறந்தால் எதிரே என் பை. கோயிலில் கட்டிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த, துவைத்து மடித்த நூல்சேலை அதில் இருந்தது. கத்தரிக்கோல்தான் பட்டியலில் பிழையில்லாமல் இருந்ததே! நீளநீளமாக வெட்டினேன். காவ்யா மடித்து வைத்து அழுத்திக் கட்டினாள். அது நனைந்ததும் அதன் மேலேயே அடுத்தது. காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அழுத்திய கையை எடுக்கவே இல்லை. நாலாவது துணி நனையவில்லை. ஆமாம், சரியாக நாலு! காவ்யா என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் செல்வி, சாமராஜநகர் பக்கமிருந்து நடந்து வந்த பக்தர்கள் ஆறு பேரோடு வந்தாள். "உகே மாதப்பா" என்று ஜே போட்டுக்கொண்டே போர்வையில் அவனைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் ஏழு தையல். கட்டைப் பிரித்த டாக்டர், "யார் கட்டியது? நன்றாக அழுத்தியிருக்கிறீர்கள்" என்று கன்னடத்தில் கேட்டார். காவ்யா என்னைக் காட்டி, "பாட்டி பட்டி" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

தையல் பிரித்த பிறகு பஸ்ஸிலேயே மலைக்குப் போய்க் கும்பிட்டோம். இறங்கிய இடத்திலிருந்து சந்நிதி வரை என் கைத்தடியை சேகர் ஊன்றிக்கொண்டான், நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மிச்ச நடையை மாதப்பன் தள்ளுபடி செய்துவிட்டான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நீங்களும் அவனை நம்பிக் கூப்பிடுங்கள். காட்டில் கூப்பிட்டால் கேட்காது என்று நினைக்காதீர்கள். அது அவன் வீடு. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். அவனுக்கும் வேலை கொஞ்சம் குறையட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் பை கட்டுவது நான்தான். பீரோவில் புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதில் "கட்டுத்துணி 4" என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருக்கிறாள் காவ்யா. அதற்குக் கீழே கடைசி வரியில், என் கைத்தடி உயரத்துக்கு ஒரு துணைக்காலோடு எழுதியிருக்கிறாள்: பாட்டி 1.