காய்ச்சல் தின்ற உடம்பு

பேச்சாயிக்கு ஒரு பெருமை உண்டு. நகை நட்டு இல்லாமல் திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அந்தப் பெருமையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிறுமலை அடிவாரத்தில் அவள் பிறந்த ஊரில் குளிர்காய்ச்சல் வருஷம் முழுக்கக் குடியிருந்தது. வெளியூர்க்காரன் வந்து தங்கினால் பத்துப் பதினைந்து நாளில் கம்பளிக்குள் பல்லடித்துக் கிடப்பான். ஊர்க்காரனோ மேல் லேசாகச் சுடுகிறது என்று சொல்லிக்கொண்டே விறகு சுமப்பான். அப்படிப்பட்டவர்களைக் காய்ச்சல் தின்ற உடம்பு என்பார்கள். பேச்சாயி அதில் ஒருத்தி.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பிறந்த பிள்ளை பெருங்காய்ச்சலில் விழுந்து பிழைத்து எழுந்தால்தான் அதைக் கணக்கில் சேர்ப்பார்கள். அதுவரை, எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் இடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். பேச்சாயியின் தாய் ஆறு பெற்றவள். சாகும்வரை ரெண்டு என்றே சொன்னாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் பேச்சாயிக்குக் கல்யாணம். புருஷன் சோலைமுத்து பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்தான். நல்லது கெட்டதுக்குப் பிறந்த ஊர் போனாலும் அன்றைக்கே பொழுது சாயுமுன் திரும்பிவிடுவாள். பொன்னழகு என்று ஒரே மகள் பிறந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து நைனா முகமது வீட்டு வாசலில் வந்து நின்றார். தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கித் தரும் ஏஜெண்டு அவர்.

"ஏத்தா பேச்சாயி, அடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போன ஆளுக அம்புட்டுப் பேரும் காய்ச்சல்ல படுத்துட்டாக. நீ அந்த ஊர்க்காரி. ரெண்டு மாசம் தங்கிப் பட்டை உரிச்சுத் தாரியா?"

"எனக்கென்ன பாய், வாரேன்" என்றாள். இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி முகம் பூரித்துப்போனது.

சோலைமுத்துதான் முனகினான். "போறதுன்னா பிள்ளைய விட்டுட்டுப் போ."

"எம் பால் குடிச்ச பிள்ளை. எனக்கு ஒட்டாத காய்ச்சல் அவளுக்கு மட்டும் ஒட்டுமாக்கும்!"

அவள் ஊரே அப்படித்தான் நம்பியது. தாய் தரும் காப்பு கைக்குழந்தைக்குச் சில மாசம் தாங்கும். பொன்னழகுக்கோ வயசு ஆறு. இதை அங்கே யார் கண்டார்கள்!

ஊரில் அண்ணன் பெண்சாதி ராமுத்தாய் வீட்டில் தங்கினார்கள். சர்க்கார் ஆட்கள் வந்து சுவரெல்லாம் கொசு மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மகராசி ராமுத்தாய், மருந்து நாறுகிறது என்று மறுநாளே சாணி போட்டு மெழுகிவிட்டாள். கொசுவுக்கு அதைவிட உபகாரம் வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வாரம் முதலில் விழுந்தவள் பேச்சாயியே. வெயிலில் பட்டை உரித்துக்கொண்டிருந்தவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சலைவிட வெட்கம்தான் அவளை அதிகம் சுட்டது. ராமுத்தாய் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு பட்டை கட்டினாள், அவளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்துப் பொன்னழகு கொதித்தாள். மறுநாள் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. மாட்டு வண்டியில் போட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பேச்சாயி தன் நடுக்கத்தையே மறந்துபோனாள்.

கொய்னா மருந்து ஏற்றிய நர்சு ரோசலின், பிள்ளை கண் திறந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எந்தத் தைரியத்துல பிள்ளையக் கூட்டிட்டுப் போனே?"

"எங்க ஊர்க்காரவுகளுக்கு அது ஒண்ணும் பண்ணாது நர்ஸம்மா."

"பண்ணாம இல்ல. ஒங்க ஊர்க்காரவுக ரத்தத்துலயும் கிருமி இருக்கும். ஓயாம வந்து வந்து, அவுக உடம்பு அதை அடக்கி வைக்கப் பழகியிருக்கு. நீ டவுனுக்கு வந்து வருஷக்கணக்காச்சு. ஒன் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. இவ உடம்பு பழகவே இல்ல."

"அம்மை குத்துற மாதிரி இதுக்கு ஒரு ஊசி குத்தக் கூடாதா?"

"அம்மை ஒரு தரம் வந்தாப் போதும், உடம்பு ஆயுசுக்கும் மறக்காது. இது எத்தனை தரம் வந்தாலும் உடம்பு அரைகுறையாத்தான் படிக்குது, படிச்சதையும் மறந்துடுது. அப்புறம் ஊசி செய்யிறவன் என்ன செய்வான்? இன்னும் ஒருத்தருக்கும் வாய்க்கல." போகிறபோக்கில் கேட்டாள்: "ஒங்கம்மாவுக்கு எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிறகு கணக்கில் விட்டுப்போன நாலு முகங்கள் கண்முன் வந்தன. அதில் ஒன்று அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி. ஒன்றும் பண்ணாது என்று எந்த வாயால் சொன்னோம் என்று நினைத்தவள் கட்டிலில் கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை எழுந்து உட்கார்ந்த அன்று ராமுத்தாய் கொய்யாப்பழத்தோடு பார்க்க வந்தாள். பொன்னழகின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். பெருங்காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வரும் காய்ச்சல் கட்டி விரலில் தட்டுப்பட்டதும் வாயெல்லாம் பல்.

"பொழச்சுக்கிட்டா! இனி இவளையும் எண்ணிக்கலாம்டி."

பேச்சாயி அவள் கையைத் தட்டிவிட்டாள். "இவ பொறந்தன்னைக்கே நான் எண்ணிட்டேன் மதினி."

ராமுத்தாய் முகம் சுண்டிப்போனது. கேட்பவர்களிடமெல்லாம் ரெண்டு பிள்ளை என்று சொல்லித் திரிபவள் அவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொய்யாப்பழத்தை முந்தானையில் துடைத்துப் பொன்னழகு கையில் கொடுத்தாள்.

"எனக்கு அஞ்சு" என்றாள்.